ஐயரம்மா பதில்கள்: எலும்புக்கு ஔஷதம்

மாவுக்கட்டை அவிழ்த்தாயிற்று. கொல்லையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்ட கதையைப் போன மாதம் இங்கே எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எண்ணெய் சொன்னவர்கள், ஆட்டுக்கால் சூப்பு சொன்னவர்கள், புத்தூர்க் கட்டுக்குப் போகச் சொன்னவர்கள் எல்லாருக்கும் நன்றி. ஒரு அண்ணாச்சி மட்டும் வைத்தியம் ஒன்றும் சொல்லவில்லை. தபால் கார்டில் நீதிமொழிகள் 16:24ஐ எழுதி அனுப்பியிருந்தார். இனிய சொற்கள் ஆத்துமாவுக்கு மதுரம், எலும்புகளுக்கு ஔஷதம் என்கிற வசனம். கீழே, “சமையல்கட்டில் உட்கார்ந்து உங்கள் பதிலை என் வீட்டுக்காரிக்கு நான்தான் சத்தமாக வாசிப்பேன். அவளுக்குக் கண் தெரியாது. சீக்கிரம் எழுதுங்கள்” என்று இரண்டு வரி. அந்தக் கார்டை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். எலும்பு கூடியதற்கு டாக்டர் ஒரு பாதி, கார்டு ஒரு பாதி.

அந்த அண்ணாச்சிக்கு மரியாதையாக இந்த மாதம் பேச்சைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் கணவர் சபையில் நல்ல பெயர் எடுத்தவர். கமிட்டியில் இருக்கிறார், உருக்கமாக ஜெபிப்பார். வீட்டில் 22 வருஷமாக என் சமையலில் தொடங்கி என் அம்மா வீடு வரைக்கும் குறைதான். ஒரு நாள்கூட ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதில்லை. போன ஞாயிறு கோயில் வாசலில் எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் முகம் மாறிவிட்டது. நான் என்ன செய்ய?
*ஒரு சகோதரி, தூத்துக்குடி*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் குறை சொல்லும் வாய் என்னுடையதாகத்தான் இருந்தது.

1979. சாத்தான்குளம் பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டு ஓரத்தில் ஒரு சின்ன சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள். எங்கள் வீட்டு ஐயருக்கு, அதாவது போதகரான என் கணவருக்கு, ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊரில் ஆராதனை. முதல் ஆராதனை எங்கள் ஊரில், மற்ற இரண்டும் மணலுக்கு அப்பால். சைக்கிளை ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம் அதிகம். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, அங்கியைக் கொடியில் போடுவதற்கு முன்னாலேயே கேட்பார்: “இன்னைக்கு எப்படி இருந்தது?” நான் பள்ளிக்கூட டீச்சர், திருத்துவது என் தொழில். “நீளம்.” “அந்த உதாரணத்தைப் போன மாசமும் சொல்லியாச்சு.” “கடைசி வரிசைக்குச் சத்தம் கேட்கலை.” ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தைரியம். உண்மையைத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பு.

மூன்று வருஷம் கழிந்து வேறு சேகரத்துக்கு மாற்றலாகிப் போனோம். ஒரு ஞாயிறு சோறு போட்டுக்கொண்டிருக்கையில் திடீரென்று உறைத்தது: இவர் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதே இல்லையே! எப்போது நிறுத்தினார் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நானாகவே ஆரம்பித்தேன். ‘நல்லா இருந்தது’ என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், வாயில் வைத்துப் பார்த்தால் எனக்கே அது சப்பென்று இருந்தது. “சகேயுவை ‘இறங்கி வா’ன்னு கூப்பிட்ட இடத்துல, தூணுக்குப் பின்னால உக்காந்திருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தா, நான் கவனிச்சேன்” என்றேன். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. “எந்தக் கிழவி?” என்றார். அரை மணி நேரம் அந்தக் கிழவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ரசம் ஆறிப்போனது.

ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிற கூலியாட்களைப் பார்த்து, “கர்த்தர் உங்களோடே இருப்பாராக” என்கிறான். அந்த முதலாளிக்கு அதுவே வழக்கம் போலிருக்கிறது. அப்புறம் ரூத்திடம், நீ உன் மாமியாருக்குச் செய்தது, தாய் தகப்பனை விட்டு வந்தது எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதிலில், “பட்சமாய்ப் பேசினீரே” என்று நம்முடைய வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயுவில் அது, ‘இருதயத்தோடே பேசினீர்’ என்கிற மாதிரி வரும் என்று ஐயர் சொல்வார். பார்த்துவிட்டுப் பேசுகிற பேச்சு அங்கேதான் போய்ச் சேரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘நீங்கள் முதலில் அவரைப் பாராட்டுங்கள், மாறிவிடுவார்’ என்று பலர் சொல்லியிருப்பார்கள். 22 வருஷம் பொறுத்தவரிடம் இன்னும் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். சாப்பாட்டு வேளையில் வேண்டாம், பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். ‘நீங்க எப்பவும் இப்படித்தான்’ என்று தொடங்கினால் அவர் வக்கீல் ஆகிவிடுவார். கார்க்கதவைச் சாத்தியதைச் சொல்லுங்கள். “வாசல்ல அந்தப் பாட்டிகிட்டப் பேசின குரல் எனக்கும் வேணும்” என்று கேளுங்கள். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல், புருஷர்கள் மனைவிகள்மேல் “கசந்துகொள்ளாதிருங்கள்” என்கிறார். அந்த நிருபத்தைச் சபையில் வாசிக்கவேண்டும் என்று அவரே கடைசியில் எழுதியிருக்கிறார். அதனால் கணவன் மனைவி இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கையில்தான் அது சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கும். கொலோசெ பட்டணத்தில் அன்று யார் யார் தலை குனிந்ததோ!

ஒன்று மட்டும். குறை சொல்வது அவமானப்படுத்துவதாகவோ கைநீட்டுவதாகவோ போயிருந்தால், அதை ஜெபக் குறிப்பாக மடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே வெளியே சொல்லுங்கள். அங்கே இந்தப் பதில் பொருந்தாது.

என் மகன் வரைந்த படத்தைப் பாராட்டினால், “தலைக்கு ஏறிரும், கண்ணும் பட்டுரும்” என்று மாமியார் தடுக்கிறார். பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?
*ஒரு தாய், நாகர்கோவில்*

ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆன வீட்டிலும் இந்தக் கண்ணுப் பயம் மட்டும் ஞானஸ்நானம் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறது!

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் 30 வருஷத்துக்கு மேல் கழித்தவள் நான். “நீ பெரிய ஆளுடா” என்றால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். “இந்தக் காக்காவுக்குத் தலையைச் சாய்ச்சுப் போட்டிருக்கியே, நிசக் காக்கா அப்படித்தான் பார்க்கும்” என்றால் ஏறாது. பையன் மறுநாள் மதில்மேல் இருக்கிற காக்காவை இன்னும் பத்து நிமிஷம் உற்றுப் பார்ப்பான். மாமியார் வைக்கிற தீயலைப் பற்றியும் இதே மாதிரி ஒன்று சொல்லிப் பாருங்கள். கண்ணு பட்டுவிடும் என்று அவர் தடுக்கமாட்டார்.

எனக்கு 23 வயது. வாலிபர் ஞாயிறன்று முதல் தடவை பிரசங்கம் செய்தேன். நடுவில் மறந்துபோய் இரண்டு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். முடிந்ததும் ஒரு மூப்பர் எல்லார் முன்னாலும், “தம்பி, உனக்கு இது வராது. நீ சவுண்ட் சிஸ்டம் பாத்துக்கோ” என்றார். மூன்று வாரமாகக் கோயிலுக்குப் போகவில்லை.
*ஒரு வாலிபன், கோயம்புத்தூர்*

தம்பி, முதலில் சவுண்ட் சிஸ்டத்தைக் குறைவாக நினைக்காதே. மைக் இழுத்துக்கொண்டு ஊளையிடும்போதுதான் அந்தப் பையனுடைய அருமை சபைக்குத் தெரியும்.

இப்போது மாற்கு என்கிற யோவானைப் பற்றிச் சொல்கிறேன். பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது இவன் உதவிக்குப் போனான். பம்பிலியா நாட்டுப் பெர்கே வரை போய்விட்டு, பாதியில் எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று வேதம் சொல்லவில்லை. நீ மேடையில் இரண்டு நிமிஷம் நின்றாய், அவன் ஊருக்கே திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்கு அவனையும் கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா. பவுல், கூடவே கூடாது என்றார். பவுல் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடுங்கோபம் மூண்டு, இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பவுல் சீலாவோடு சீரியா வழியாகப் போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிச் சீப்புருதீவுக்குப் போனார். அது பர்னபாவின் சொந்த ஊர்.

பர்னபா என்பது அவருக்கு அப்போஸ்தலர்கள் வைத்த பட்டப்பெயர். ஆறுதலின் மகன் என்று அர்த்தம். அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டிப் பார், ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஆறுதல் சொல்வதற்கே பெயர்போன அந்த மனுஷன் தனியாகப் பேசிய ஒரு வாக்கியம்கூட அதில் நேர்ப்பேச்சாக எழுதப்படவில்லை. பவுலோடு சேர்ந்து பேசியது இருக்கிறது. தனியாகப் பேசியதெல்லாம், அவர் இப்படிச் சொன்னார் என்று பிறர் வாயிலாகவே வருகிறது. பவுல் சவுலாக இருந்த நாளில் அவனைக் கண்டு எருசலேம் சபையே பயந்து ஒதுங்கியபோது, அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் கூட்டிப்போனார். பின்னால் தர்சுவுக்கே போய்த் தேடி, அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார். கூட்டிக்கொண்டு போவதுதான் அவருடைய ஆறுதல். இவனுக்கு நான் ஜவாப்தாரி என்று தன் பெயரையே அடகு வைக்கிற மாதிரி. அப்படிச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பவுலே இன்னொரு பையனைச் சேர்க்கமாட்டேன் என்று நின்றார் பார்த்தாயா! பெரிய ஆட்களுக்கும் மறதி உண்டு.

வருஷங்கள் போய், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். சீப்புருதீவில் பர்னபா மாற்குவிடம் என்ன சொல்லியிருப்பார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். “கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லியிருக்கமாட்டார்.

தைரியம் சொல்கிறவர்கள் எல்லாம் வெற்றி நிச்சயம் என்றும் சொல்வதில்லை. 1791 பிப்ரவரி 24 அன்று, இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்கிற பிரசங்கியார் வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெஸ்லிக்கு வயது 87. ஆறு நாளில் இறந்துபோனார். வில்பர்ஃபோர்ஸுக்கு 31. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தவர். அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால், அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பிப்போய் அவர் ஜான் நியூட்டனிடம் போயிருந்தார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்கே கப்டனாக இருந்து பிற்பாடு போதகரானவர். நீ இருக்கிற இடத்திலேயே இரு என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். வெஸ்லியின் கடிதத்துக்கு வருகிறேன். தேவன் உன்னை இதற்கென்றே எழுப்பியிராவிட்டால் மனுஷருடைய எதிர்ப்பும் பிசாசுகளுடைய எதிர்ப்பும் உன்னைத் தேய்த்துவிடும்; ஆனால் தேவன் உன்னோடிருந்தால் உனக்கு விரோதமாயிருப்பவன் யார், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதே என்று எழுதியிருந்தார். எதிர்ப்பு தேய்த்துவிடும் என்பதை மறைக்கவில்லை பார். இரண்டே மாதத்தில், ஏப்ரலில், வில்பர்ஃபோர்ஸின் மசோதா 163க்கு 88 என்று தோற்றது. அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1807இல். நடுவில் 16 வருஷம்! அத்தனை வருஷமும் அந்தக் காகிதம் என்ன வேலை செய்தது என்று யார் கணக்குப் பார்ப்பது?

நீ செய்யவேண்டியது இரண்டு. வருகிற ஞாயிறு கோயிலுக்குப் போ. அந்த மூப்பரிடம் தனியாக, “ஐயா, அன்னைக்கு எல்லார் முன்னாலும் சொன்னது வலிச்சது. எந்த இடத்துல சொதப்பினேன்னு சொல்லித் தாங்க” என்று கேள். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, குடித்திருக்கிறாள் என்று நினைத்துப் பேசியவர்தான் ஆசாரியன் ஏலி. அவள் விளக்கிச் சொன்னதும் அதே வாயால், “சமாதானத்துடனே போ” என்றார். உன் மூப்பருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார். அவர் திருந்தாவிட்டாலும், எந்த இடத்தில் மறந்தாய் என்பதாவது தெரியும். அடுத்த தடவை குறிப்பு எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள். எங்கள் ஐயர் கடைசிவரை வைத்திருந்தார்.

தினமும் காலை 5 மணிக்கு 50 பேருக்கு வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறேன். யாரும் பதில் போடுவதில்லை. நிறுத்திவிடலாமா?
*ஒரு சகோதரர், திருச்சி*

ஐம்பதில் நானும் ஒருத்தியோ என்னவோ. ரோஜாப்பூ, புறா, உதிக்கிற சூரியன் எல்லாம் எனக்கும் வருகிறது. நிறுத்தவேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். 49 பேருக்கு அனுப்பாமல் ஒருவருக்கு மட்டும், அவர் பெயரைப் போட்டு, “ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததா?” என்று கேட்டு எழுதுங்கள். நாளைக்கு அடுத்தவர். ஐம்பது நாளில் ஒரு சுற்று வந்துவிடும். ஐந்து மணிக்கு வேண்டாம், ஏழு மணிக்கு அனுப்புங்கள். தூக்கம் கெட்டவருக்கு வாக்குத்தத்தம் உறைக்காது.

சபை விருந்தான அசனத்தின் கணக்கில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கூட்டத்தில் கேட்டால், “அன்பில்லாதவர், சபையைப் பிரிக்கப் பார்க்கிறார்” என்கிறார்கள். கிறிஸ்தவன் இனிமையாகப் பேசவேண்டும் என்றால் தப்பைத் தட்டிக் கேட்கக் கூடாதா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாசரேத் பக்கம்*

நல்ல கேள்வி ஐயா. ‘அன்பாகப் பேசு’ என்பதைத் தாளைப் போட்டு மூடுகிற கதவாக நம் ஆட்கள் நிறைய இடத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. உங்கள் வசனம் கிருபை பொருந்தினதாக இருக்கட்டும் என்று சொன்ன பவுல், அதே மூச்சில் “உப்பால் சாரமேறினதாயும்” என்கிறார். சர்க்கரை என்று சொல்லவில்லை. அந்தியோகியாவில் பேதுருவையே முகத்துக்கு முகம் எதிர்த்து நின்றவர் அவர். எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கைப் பணம் சேர்த்தபோது, இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கையாக இருந்தார். சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அனுப்பினார். இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரம். கமிட்டியில் யாராவது வசனம் சொல்லி உங்களை அடக்க வந்தால் இதை எடுத்து நீட்டுங்கள்.

ஆனால் எப்படிக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. “எல்லாம் திருட்டுப் பயலுவ” என்று தொடங்கினால் அன்றைக்குக் கூட்டமே அந்த வார்த்தையைப் பற்றித்தான் நடக்கும், கணக்கு தப்பித்துக்கொள்ளும். “அரிசி 14 மூட்டைன்னு எழுதியிருக்கு, ரசீது 11க்குத்தான் இருக்கு. மீதி மூணு எங்கே வாங்கினது?” என்று கேளுங்கள். முதலில் பொருளாளரிடம் தனியாக. மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன வரிசை அதுதான்: முதலில் தனித்திருக்கையில், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதற்கப்புறம் சபைக்கு. ஒருவேளை ரசீது வேறு கவரில் கிடக்கலாம். கிடைக்காவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். வங்கியில் இருந்தவருக்கு நான் இதற்கு மேல் சொல்லவேண்டுமா?

என் தோழியின் கணவர் 41 வயதில் திடீரென்று இறந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் “கர்த்தருடைய சித்தம்”, “நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்குவார்” என்று சொல்லச் சொல்ல, அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அடக்கத்துக்குப் பிறகு நான் போகவே இல்லை. ஒரு மாதம் ஆகிறது.
*பெயர் வேண்டாம், மதுரை*

யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் முதல் ஏழு நாள் நன்றாகத்தான் இருந்தார்கள். அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு ராத்திரி ஏழு பகல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் வந்தது வினை. சொன்னதெல்லாம் கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கும். கடைசியில் கர்த்தருக்கே அவர்கள்மேல் கோபம் வந்தது. நம் தமிழ் வேதாகமத்தில் யோபு அவர்களைப் பார்த்து, நீங்கள் “அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” என்கிறான். யோவான் 14இல் பரிசுத்த ஆவியானவருக்கும் இதே சொல்தான், தேற்றரவாளன். மொழிபெயர்த்தவர்கள் யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ, துக்க வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும், இன்றைக்கு நாம் எந்தத் தேற்றரவாளர் என்று எனக்குள்ளே கேட்டுக்கொள்வேன்.

எங்கள் ஐயர் 2014இல் இறந்தார். “ஐயா பரலோகத்துல இளைப்பாறுதாங்க” என்று நூறு பேர் சொன்னார்கள். நானும் அதை விசுவாசிக்கிறேன். இருந்தாலும் ஐந்தாவது நாளுக்குள் அந்த வாக்கியம் காதில் விழுந்தாலே தலை வலித்தது. அன்று மத்தியானம் தேரிக்காட்டு ஊரிலிருந்து ஒரு அம்மாள் இரண்டு பஸ் மாறி வந்தாள். கருப்பட்டி விற்கிறவள். வந்ததும் நேரே பின்பக்கம் போய்க் குவிந்து கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “என் கல்யாணத்துக்கு ஐயா சைக்கிள்ல வந்தாவ. வழியில டயரு வெடிச்சுட்டு. நாலு மைலு தேரியில தள்ளிக்கிட்டே வந்தாவ. தாலியை எடுத்துக் குடுக்கையில அவுக கை பூரா செம்மண்ணு” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

அந்தச் செம்மண் அங்கியைத் துவைத்தவள் நான். இவ்வளவு அழுக்கா என்று அன்றைக்கு நிச்சயமாகத் திட்டியிருப்பேன். காரணம் 35 வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நீங்கள் போங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று கூசவேண்டாம். சொல்லப்போனால் கூட்டம் கலைந்துபோய் வீடு வெறிச்சென்று இருப்பது இப்போதுதான். அவருடைய பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் உங்களைச் சிரிக்க வைத்தது, உங்கள் பிள்ளைக்கு ஏதாவது செய்தது, ஞாபகம் இருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள். கேஸ் புக் பண்ணவேண்டுமா, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் வரிசையில் யாராவது நிற்கவேண்டுமா என்று கேளுங்கள். வசனம் அவளுக்கே தெரியும்.

எனக்கு 78 வயது. தம்பிக்கு 74. வீட்டுமனைத் தகராறில் 11 வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அவன் படுத்த படுக்கை என்று கேள்வி. போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். போய் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்க?
*ஒரு பெரியவர், மார்த்தாண்டம்*

அண்ணாச்சி, பாதை வரைக்கும் வந்துவிட்டு வார்த்தைக்காக நிற்கிறீர்கள்.

பேதுரு கரிநெருப்பு அண்டையில் குளிர்காய்ந்துகொண்டே மூன்று தடவை மறுதலித்தார் இல்லையா. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் கரிநெருப்புத்தான் போட்டிருந்தது, மேலே மீன் இருந்தது. ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் அகப்படாமல் நின்றவர்களிடம் கரையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்பது. கரைக்கு வந்ததும், “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்றார். “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று பேதுருவிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு. மறுதலித்ததை அப்போதும் அவர் பெயர் சொல்லி எடுக்கவில்லை.

நம் ஊரிலும் அதே வழக்கம்தானே. வாசலில் நின்று, “ஏல, சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். 11 வருஷத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதே மாதிரி. மனையைப் பற்றி அன்றைக்கு எடுக்கவேண்டாம். அவர் எடுத்தால், “அதை அப்புறம் பேசலாம்” என்று விட்டுவிடுங்கள். பிள்ளைகள் யாராவது பத்திரத்தோடு கூட வருகிறேன் என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தம்பிக்கு முதலூர் மஸ்கோத் அல்வா பிடிக்கும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் அவர் வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். அந்த போன்தான் உங்கள் முதல் பேச்சு. தள்ளிப்போடாதீர்கள், நாளைக்கே பண்ணுங்கள்.